‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் யார் கையில்?

(கற்பிட்டிக் கரையோரத்தில் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்தவர்களும், வலையை உலரவிட்டு வந்தவர்களும், பாடசாலையிலும் கந்தோரிலும் அலுவல் முடித்து வந்தவர்களும் இப்பந்தலின்கீழ் ஒன்றாய் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் தொழில் வேறு, வருமானம் வேறு. ஆயினும் பெரும் நோய் வந்துற்ற அன்று உங்களிற் பெரும்பாலோர் செல்லும் வாசல் ஒன்றே. அது அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசல். அவ்வாசலைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

அரசாங்கமே ஆஸ்பத்திரி நடத்தி இலவசமாக வைத்தியம் செய்வதை விடுத்து, ஆளுக்கொரு காப்புறுதி அட்டை வழங்கி, அவ்வட்டைக்குரியவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம் என்றதொரு யோசனை உலகின் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. எமது நாட்டிலும் இலவச வைத்தியத்துக்கு ஆகும் செலவு பேசப்படும் போதெல்லாம் இந்த யோசனை தலைகாட்டுகின்றது. இதனைப் பெயரைக் கேட்ட மாத்திரத்தே எதிர்க்கவும் நாம் வரவில்லை, ஆதரிக்கவும் வரவில்லை. கடலில் இறங்குமுன் காற்றைப் பார்க்கும் மக்கள் நீங்கள். இம்மாற்றத்தை ஏற்கெனவே கண்ட நாடுகளின் நோயாளர் என்ன அனுபவித்தனர் என்பதை முதலிற் பார்ப்போம். பின்னர் எமக்கு வேண்டியது யாதெனத் தீர்மானிப்போம்.

வாக்கினாற் பெற்ற வைத்தியம்

இலவச வைத்தியம் எவரோ இரங்கி ஈந்த தானம் என்று நினைப்பவர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1931ஆம் ஆண்டு இந்நாட்டில் ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் செல்லுமுன் மழை பொய்த்தது. தெதுரு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டமிழந்து குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகிற்று. 1934 – 35இல் எழுந்த அக்கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர் என்பர். வாக்குக் கேட்டு வந்தவரிடம் வாக்காளர் ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் கேட்டனர். கேட்டதனாற் கிடைத்தன. 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் என்பது நாட்டின் பொது ஏற்பாடாயிற்று. எந்த மலேரியா இம்மாகாணத்தை அன்று சூறையாடிற்றோ, அந்த மலேரியா இந்நாட்டில் ஒழிந்ததென்று 2016ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் சான்று பகர்ந்தது. வீடு வீடாகச் சென்று இரத்தம் பரிசோதித்த அரசாங்க ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பே அச்சான்றைப் பெற்றுத் தந்தது.

இடையில் ஒருமுறை இவ்வாசலுக்குக் கட்டணம் வந்ததுண்டு. 1971ஆம் ஆண்டு வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிடப்பட்டது. அற்பத் தொகைதானே என்றனர். வந்த நோயாளர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. சிறிய தடையாயினும் அது வறியவனையே முதலில் தடுக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்றைய நிலைமையைப் புகழ்ந்துரைக்கவும் நாம் வரவில்லை. டாக்டரைக் காண்பது இலவசம். எழுதிக் கொடுத்த மருந்தை வெளியே பாமசியில் வாங்கு என்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரி அலுமாரிகள் வெறுமையாய்க் கிடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். இலவச வைத்திய நாடென்று பெயர் பெற்ற இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி தனியாரின் பணமே. அதிலும் பெரும்பகுதி மக்கள் தம் மடியிலிருந்து நேரே கொடுப்பது. கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து சிலாபத்துக்கு ஏறத்தாழ இன்னும் 50 கிலோமீற்றர். பஸ் கூலியும் அன்றைய நாட்கூலி இழப்பும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆகவே சீர்திருத்தம் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. எந்தச் சீர்திருத்தம் என்பதே கேள்வி.

முகாமைப் பராமரிப்பு என்றால் என்ன?

அமெரிக்கர் இதனை ‘மனேஜ்ட் கெயார்’ என்பர். முகாமைப் பராமரிப்பு என்று நாம் சொல்லலாம். அதன் அமைப்பு இது: ஒரு நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு நிலையான தொகையை அரசாங்கம் கொடுக்கும். நோயாளி அந்நிறுவனத்தின் பட்டியலிலுள்ள ஒரு டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். விசேட வைத்திய நிபுணரிடம் செல்வதாயின் அந்த டாக்டரின் அனுப்புக் கடிதம் வேண்டும். பெரும் பரிசோதனைக்கும் சத்திர சிகிச்சைக்கும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பட்டியலுக்கு வெளியே சென்றால் பணம் நோயாளியின் கையிலிருந்து போகும்.

இதில் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, தம்மை அறிந்த டாக்டர் ஒருவர் அருகில் இருப்பது பெரும் பேறு. ஒரு தடிமனுக்காக விடியற்காலையிற் புறப்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை நிற்கவேண்டியதில்லை. ஒரே பரிசோதனையை மூன்று இடங்களிற் செய்து பணத்தை வீணாக்க வேண்டியதுமில்லை.

ஆயினும் இவ்வேற்பாட்டின் உள்ளே ஒரு கணக்கு உண்டு. தொகை நிலையானது, ஆகவே செலவழியாதது மிச்சம். அந்த மிச்சம் யாருக்கோ இலாபமாகுமாயின், ‘இல்லை’ என்று சொல்வதில் அவருக்கு ஒரு நயம் உண்டாகின்றது. பழைய ஆஸ்பத்திரியிலும் ‘இல்லை’ உண்டு. அது பற்றாக்குறையால் வருவது, எவர் பையையும் நிரப்பாதது. இவ்வேறுபாட்டைச் சட்டம் பயின்ற நாம் கவனியாதிருத்தல் இயலாது.

ஒரு விவசாய மாநிலத்தின் அனுபவம்

அமெரிக்காவில் வறியோருக்கும் அங்கவீனருக்குமாக 1965ஆம் ஆண்டு ஏற்பட்ட அரசாங்கக் காப்புறுதியின் பெயர் மெடிக்கெயிட். அயோவா என்பது அங்கே சோளமும் சோயாவும் விளையும் விவசாய மாநிலம். 2016 ஏப்ரல் 1ஆம் திகதி அம்மாநிலம் தன் மெடிக்கெயிட் பயனாளிகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஒரே நாளில் மூன்று தனியார் கம்பனிகளின் பராமரிப்புக்கு மாற்றியது. செலவு குறையும், பராமரிப்பு உயரும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

நோயாளர் கண்டது யாது? பல்லாண்டு பழகிய டாக்டர் தமது புதிய கம்பனியின் பட்டியலில் இருக்கின்றாரா என்று தேடும் வேலை முதலில் வந்தது. படுக்கையினின்றும் எழ இயலாத அங்கவீனருக்கு வீட்டுக்கு வந்து உதவும் பணியாளரின் மணித்தியாலங்கள் குறைக்கப்பட்டன என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2017ஆம் ஆண்டு அங்கவீனர் அறுவர் நீதிமன்றம் சென்றனர். அதே ஆண்டு நவம்பர் முடிவில் அமெரிஹெல்த் கேரிட்டாஸ் என்ற கம்பனி விலகிக்கொண்டது. 2 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் மறுபடியும் இடம் மாறினர். 2019ஆம் ஆண்டு நடுப்பகுதியில் யுனைட்டெட் ஹெல்த்கெயார் கம்பனியும் விலகிற்று. மூன்றே கால் ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு கம்பனிகள் போய்விட்டன. கம்பனிக்கு அது ஒரு ஒப்பந்தத்தின் முடிவு. நோயாளிக்கோ, அதுவரை சேர்த்து வைத்த அனுமதிகளும் பழகிய முகங்களும் மீண்டும் கேள்விக்குள்ளான நாள்.

ஆனால் அந்நாட்டு நோயாளியின் கையில் ஓர் ஆயுதமும் இருந்தது. கோல்ட்பேர்க் எதிர் கெலி என்ற வழக்கில் 1970ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், வறியவர் பெறும் உதவியை நிறுத்துமுன் அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் வழியே, ஒரு கம்பனி சிகிச்சையை மறுத்தாலோ குறைத்தாலோ அதனை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நோயாளி மேன்முறையீடு செய்யலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால், தீர்ப்பு வரும்வரை ஏற்கெனவே பெற்ற சிகிச்சையைத் தொடரவும் செய்யலாம். தோற்றால் அச்செலவைத் திருப்பிக் கேட்கக்கூடும் என்ற அச்சமும் அதிற் கலந்துள்ளது. ஆயினும் மறுப்பு வாய்ச்சொல்லாய்க் காற்றோடு போவதில்லை, கடதாசியில் நிற்கின்றது. கடதாசியில் நிற்கும் மறுப்பையே நீதிபதியின் முன் வைக்க முடியும்.

ஆஸ்பத்திரி முதலில், அட்டை பின்னர்

இனி ஆசியாவுக்கு வருவோம். தாய்லாந்து 2002ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். அங்கும் நோயாளி அருகிலுள்ள நிலையத்திற் பதிவு செய்கின்றார். ஒரு வருகைக்கு 30 பாத் என்று அத்திட்டம் தொடங்கியது. அது பெரிதும் வெற்றி கண்டதேன்? 1972ஆம் ஆண்டு முதலே புதிய டாக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பி, மாவட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டிய பின்னரே அவர்கள் அட்டையை வழங்கினர். பணத்தைப் பெற்ற நிலையங்களும் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளே. குறையும் இருந்தது: சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தச் சுத்திகரிப்பு ஆரம்பத்தில் அத்திட்டத்தில் இல்லை. நோயாளர் விடாது கேட்டனர். 2008இல் அது சேர்க்கப்பட்டது. சிகிச்சையால் தீங்குற்றவருக்கு, எவர் குற்றம் என்ற வழக்கின்றியே நட்டஈடு கொடுக்க அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு வழி செய்கின்றது.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ஆம் ஆண்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இருதயச் சத்திர சிகிச்சை போன்றவற்றுக்குத் தனியார் ஆஸ்பத்திரியின் படியேற முடியாத ஏழைக்கு அவை உதவின, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வட்டை பெரிதும் ஆஸ்பத்திரியிற் படுத்துப் பெறும் சிகிச்சைக்குரியது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் விழுங்கவேண்டிய சர்க்கரை மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் அது வழியாகவில்லை. அதற்கு அம்மாநில அரசு 2021ஆம் ஆண்டு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று தன் ஊழியர்களையே மாத்திரையோடு வீடுகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அட்டை ஓரிடத்தில் உதவும். வேறோரிடத்தில் ஆளே வேண்டும். இப்பாடத்தை மறவாதீர்கள்.

எமது கரையில் இது எப்படி வரும்?

எமது நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்கு 1997 முதல் ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. உத்தியோகத்தரான நீங்கள் அதன் முறையை அறிவீர்கள்: முதலில் கையிலிருந்து செலவு செய், பின்னர் பற்றுச்சீட்டுக் காட்டிப் பெற்றுக்கொள். மாதச் சம்பளம் உள்ளவர் அதைத் தாங்குவார். மிளகாய் விற்கும்வரை கடனில் நிற்கும் விவசாயிக்கு அந்த ‘முதலில்’ என்ற சொல்லே பெரும் மதிலாகும்.

இதற்கு அப்பால், 2018ஆம் ஆண்டு அரசாங்கம் வகுத்த சுகாதார சேவைக் கொள்கையொன்று உண்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியையும் அதனைச் சூழ்ந்த சிறு ஆஸ்பத்திரிகளையும் ஒரு கொத்தணியாக்கி, ஒவ்வொரு குடும்பத்தையும் அருகிலுள்ள ஆரம்ப வைத்தியப் பராமரிப்பு அலகிற் பதிந்து, அங்கிருந்தே மேலே அனுப்புவது அதன் நோக்கம். உலக வங்கியும் அதே ஆண்டு இதற்கென 20 கோடி டொலர் கடன் வழங்க இணங்கிற்று. இங்கே கம்பனியில்லை, இலாபமில்லை. இன்றளவில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் நோயாளி நேரே செல்லலாம். ஆகவே இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பதிவென்பது வழிகாட்டுவதற்காகத் தொடங்கி, நாளை வழிமறிப்பதற்காக மாறாதிருக்கவேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு சுற்றுநிருபமே போதும்.

எமது கரையோரத்தின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். சோளகம் எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது எம் மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைக்கின்றனர். உடப்பிலிருந்து முல்லைத்தீவு வரை செல்லும் குடும்பங்களை அறிவோம். வேறு சிலர் பத்தலங்குண்டுத் தீவில் மாதக்கணக்கில் தங்குகின்றனர். இவர்களை எந்த ஊரிற் பதிவது? 1990ஆம் ஆண்டு விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம் சகோதரர்களைக் கேளுங்கள். உன் பதிவு மன்னாரிலா புத்தளத்திலா என்ற ஒரே கேள்வி வாக்குக்கும் நிவாரணத்துக்கும் அவர்களைப் பல்லாண்டு அலைக்கழித்தது. அதே கேள்வியை ஆஸ்பத்திரி வாசலிலும் எவரும் கேட்கக் கூடாது.

சட்டம் எதைத் தருகின்றது?

சட்டத்தரணி என்ற முறையில் ஒன்றைத் திட்டமாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வைத்தியம் பெறும் உரிமை என்று தனியே ஒன்று எழுதப்படவில்லை. இந்தியாவில் இதையொத்த ஒரு வழக்கு எழுந்தது. 1992ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையிற் காயமுற்ற ஒரு தொழிலாளியை அரசாங்க ஆஸ்பத்திரிகள் பல, இடமில்லை வசதியில்லை என்று திருப்பின. தனியார் ஆஸ்பத்திரியிற் பணம் கொடுத்தே அவர் சிகிச்சை பெற்றார். அவசர சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபா நட்டஈடும் வழங்கச் செய்தது. எமது உயர் நீதிமன்றத்துக்கு 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுவோடு செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும், அதுவும் அரசாங்கத்தின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே செல்லவேண்டும். வைத்தியம் ஒரு கம்பனியின் கைக்கு மாறினால், இக்கதவும் பெரும்பாலும் சாத்தப்படும்.

ஆயினும் எமது கையில் வேறு இரண்டு சட்டங்கள் உண்டு. அவற்றை எடுத்துப் பயன்படுத்துவோர் சிலரே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுக்கும் உத்தியோகத்தர், அவர் கேட்டால், அதன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கின்றது. அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை நடத்தும் தனியார் நிறுவனமும் அச்சேவையின் அளவுக்கு அச்சட்டத்துள் அடங்கும். அடுத்து, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் தமிழ் பேசும் ஒருவர் உத்தியோகத்தருடன் தமிழிற் கருமமாற்றவும், தமிழிற் பதில் பெறவும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ பெறவும் அது உரிமை தருகின்றது. தாயொருத்தி தன் பிள்ளைக்கு எந்த மருந்து எத்தனை வேளை என்று வாசிக்க இயலாத துண்டுக் கடதாசி, அவளைப் பொறுத்தமட்டில் வெறும் கடதாசியே.

எமது கோரிக்கைகள்

ஆகவே அரசாங்கத்தின் முன் நாம் வைப்பன ஐந்து.

ஒன்று: டாக்டரும் மருந்தும் முதலில், பதிவு பின்னர். டாக்டர் இல்லாத நாளில், மருந்து தீர்ந்த நாளில், அவ்வலகின் அனுப்புக் கடிதத்தை எவரிடமும் கேட்கக் கூடாது.

இரண்டு: பதிவு ஆளோடு செல்லவேண்டும். உடப்பிற் பதிந்த மீனவரின் கொப்பியை முல்லைத்தீவிலும் ஏற்கவேண்டும்.

மூன்று: அவசர நோய்க்கு வாசற்காவல் கிடையாது. விபத்து, பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சு நோவு ஆகியவற்றுக்கு எந்த ஆஸ்பத்திரியும் நேரே திறந்திருக்க வேண்டும்.

நான்கு: சிகிச்சையோ பரிசோதனையோ மறுக்கப்பட்டால், கேட்கும்வரை காத்திராது, காரணத்தைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும்.

ஐந்து: அம்மறுப்பின்மீது மாவட்டத்துக்குள்ளேயே மேன்முறையீடு வேண்டும். தீர்ப்பு வரும்வரை தொடர்ந்த சிகிச்சை நிற்கக் கூடாது. தோற்ற ஏழையிடம் அச்செலவைத் திருப்பி அறவிடவும் கூடாது.

இவ்வைந்தும் சட்டமாகும்வரை எந்தக் கம்பனியின் அட்டையும் எமது கரைக்கு வேண்டியதில்லை. சட்டமான பின்னரும், அட்டை கொடுப்பவர் யார், மிச்சம் போகுமிடம் எது என்று கேட்டே கைநீட்டுவோம்.

அரசாங்கம் செய்யுமென்று காத்திருத்தல் மட்டும் எமது வேலையாகாது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் விவசாயியும் மீனவரும் தாய்மாரும் இடம் கேட்டுப் பெறுங்கள். வர்த்தகருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் ஒவ்வொரு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். ‘இல்லை’ என்ற பதில் வந்தால், மரியாதையோடு காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வரிசையில் நிற்கும் தாதியோடும் டாக்டரோடும் எமக்குப் பகையில்லை. பற்றாக்குறையில் அவர்களும் எம்மோடு அவதிப்படுகின்றனர். எழுதத் தெரிந்த ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, உங்கள் ஓய்வு வேளையில் ஒரு மணித்தியாலத்தை அயலவருக்கு மனு எழுதிக் கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எவராயினும் அம்மனுவைப் பெறட்டும். ஒரே வாங்கிற்தான் எல்லாரும் காத்திருக்கின்றோம்.

1931இற் பெற்ற வாக்கைக் கொண்டே எம் முன்னோர் ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கினர். அவ்வாக்கு இன்றும் எம் கையில் இருக்கின்றது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்வைந்து கோரிக்கைகளையும் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற விடையை எழுத்தில் வாங்குங்கள்.